இடுப்புயர அழுக்கு

அத்தியாயம் 4

நவம்பரில் மசாகா நகரத்தின்மேல் இரண்டு விஷயங்கள் விழும். ஒன்று மழை, இன்னொன்று வெட்டுக்கிளி. மழையை யாரும் மதிப்பதில்லை. வெட்டுக்கிளியைத் தகரம் நட்டு, விளக்குப் போட்டுப் பிடித்து, காலும் இறக்கையும் பிய்த்து, வெங்காயத்தோடு வறுத்து, கோப்பையில் அளந்து விற்பார்கள். அதற்குக் கிடைக்கும் மரியாதை ஊரில் பல மனிதர்களுக்குக் கிடையாது.

அந்தப் பல மனிதர்களில் ஒருவர் அகஸ்டின் முலிண்ட்வா. முன்னாள் இன்ஸ்பெக்டர், இந்நாள் தனியார் துப்பறிவாளர். மருந்துக் கடைக்கு மேலே ஓர் அறை, ஒரு மேஜை, வலிக்கிற முட்டி இரண்டு, வலிக்காத வாயுடன் ஓர் உதவியாளர். இவ்வளவுதான் அவருடைய நிறுவனம்.

உதவியாளர் பெயர் லாமுனு. வடக்கே கிட்கும் பக்கத்துக்காரி. முலிண்ட்வா போலீஸை விட்டு ஏழு வருஷம் ஆகியும் அவரை "அஃபாண்டே" என்று, அதாவது இன்னும் சீருடையில் இருக்கிற மேலதிகாரியைப் போலத்தான் கூப்பிடுவாள். அது மரியாதையா கேலியா என்று கண்டுபிடிக்க முயன்று அவர் தோற்றுப்போனார். அவர் தோற்ற ஒரே கேஸ் அது என்று அவர் சொல்லிக்கொள்வார். லாமுனுவின் கணக்கு வேறு.

செவ்வாய்க்கிழமை காலை அந்த அறையின் ஒரே நல்ல நாற்காலியில் ஒரு பழுப்புக் கோட்டு உட்கார்ந்திருந்தது. கோட்டுக்குள் ஒரு மனிதர். கையில் வெள்ளிப் பூண் போட்ட தடி. மடியில் சூடாக ஒரு பிளாஸ்டிக் பை.

"சொல்லுங்க, மிஸ்டர்..." என்று இழுத்தார் முலிண்ட்வா.

"ஸாலொங்கோ" என்றார் வந்தவர். "மிஸ்டர் கிடையாது."

ஒரே பிரசவத்தில் இரண்டு பிள்ளைக்குத் தகப்பனாகிவிட்டால் இங்கே ஒரு மனிதனின் சொந்தப் பெயர் அன்றோடு ஓய்வு பெற்றுவிடும். அதன்பிறகு அவன் ஸாலொங்கோ. மந்திரியாக இருந்தாலும், மாட்டுத் தரகனாக இருந்தாலும்.

"உங்க சொந்தப் பேரு, மிஸ்டர் ஸாலொங்..."

"வெறும் ஸாலொங்கோ. அந்த மிஸ்டர் எதுக்கு? பட்டத்துக்கு இழுக்கு. சும்மா வந்ததா இது? நாலு வருஷத்துக்கு முன்னால, சாமியாடி வந்து, மூணு நாள் முரசு அடிச்சு, ஊரே ஆடி, முறைப்படி சடங்கு செஞ்சு வாங்கின பட்டம்."

லாமுனு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். தடியின் நுனி நீண்டு வந்து அவள் எழுதியதைத் தொட்டது.

"அந்த 'திரு'வையும் அடிச்சிடும்மா."

அவள் அடித்தாள். காகிதம் கிழியும் அளவுக்கு அடித்தாள்.

விஷயம் இதுதான். ஸாலொங்கோவின் தம்பி கீஸா. நெடுஞ்சாலை ஓரம் நாலு ஏக்கர் காப்பித் தோட்டம். மனைவி பிரசவத்திலேயே போய்விட்டாள். ஐந்து வாரத்துக்கு முன் ஒரு லாரி, கீஸாவையும் அவன் சைக்கிளையும் சேர்த்து முடித்துவிட்டது. மிச்சம் இருப்பது எட்டு வயதுப் பெண், ரெஸ்டி.

"நான் எல்லை தாண்டி ஜூபாவில வியாபாரத்துல இருந்தேன். அடக்கத்துக்கு வர முடியல" என்று ஸாலொங்கோ ஒரு வெள்ளைக் கைக்குட்டையால் கண்ணின் ஓரத்தை ஒற்றினார். கண் காய்ந்துதான் இருந்தது. ஆனால் துக்கம் எல்லோருக்கும் கண் வழியாகத்தான் வர வேண்டும் என்று சட்டம் இல்லை.

"பிள்ளை எங்கே?"

"அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன். தம்பி யாரோ ஒரு உள்ளூர் வக்கீல்கிட்ட போய்ட்டு வந்திருக்கான். கார்டியன் விவகாரம். தனக்கு ஏதாவது ஆச்சுன்னா பிள்ளையை யார் பாத்துக்கறதுன்னு. அடக்கம் முடிஞ்ச அன்னிக்கே அந்த வக்கீல் வந்து பிள்ளையைக் கையைப் பிடிச்சு நடத்திக் கூட்டிட்டுப் போனதா பக்கத்து வீட்டுக்காரி சொல்றா. பேரு தெரியாது. முகமும் சரியாப் பாக்கலையாம். குடை பிடிச்சிருந்தாங்களாம்."

"உங்களுக்கு அவசரம் என்ன?"

"வியாழக்கிழமை கோர்ட்டு. நான்தான் கார்டியன்னு மனு போட்டிருக்கேன். பிள்ளையை நேர்ல கொண்டு வான்னு நீதிபதி சொல்லிட்டார். பிள்ளை நின்னா ஆர்டர் கையில. அன்னிக்கே கூட்டிட்டுப் போயிடுவேன்."

அவர் ஒரு கடிதத்தை விரித்தார். ஊர்க் குழுத் தலைவரின் ஊதா முத்திரை. "இவர் இறந்தவரின் உடன்பிறந்த அண்ணன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்." இந்த நாட்டில் முத்திரை இல்லாத உண்மை உண்மை ஆகாது. முத்திரை உள்ளது எதுவாக இருந்தாலும் உண்மைதான். முலிண்ட்வா அதைக் கொட்டாவியோடு படித்தார். இந்த மாதத்தில் அவரிடம் வந்த மூன்றாவது அநாதை விவகாரம் அது. மூன்றிலும் மாமன்கள் இருந்தார்கள், சித்தப்பாக்கள் இருந்தார்கள், முத்திரைகள் இருந்தன. பிள்ளையின் வயதைக் கேட்டால் மட்டும் எல்லோரும் விரல் விட்டு எண்ணினார்கள்.

"வக்கீலைப் பத்தி வேற எதுவும் தெரியாதா?"

"தம்பி வீட்டுச் சுவர்ல இது செருகி இருந்தது."

பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த ஒரு துண்டு. கையெழுத்தில் இரண்டே வரி: "சனிக்கிழமை. பிள்ளையையும் அழைத்து வரவும். பெஞ்சில் இடம் இருக்காது, பாய் கொண்டு வரவும்."

"பாயா? வக்கீலைப் பாக்கவா, பிக்னிக்குக்கா?" என்றாள் லாமுனு.

ஸாலொங்கோ அவளைப் பார்க்காமலே மடியிலிருந்த பையைப் பிரித்தார். வறுத்த வெட்டுக்கிளி. ஒரு கைப்பிடி அள்ளி வாயில் போட்டு, கண்ணை மூடி மென்று, விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். அழுத கைக்குட்டை அதுவேதான். பிறகு பையை மேஜைமேல் வைத்தார்.

"நியெண்டோ சந்தையில இப்பதான் வாங்கினேன். சாப்பிடுங்க. வக்கீல் கிடைச்ச நிமிஷம் போன் பண்ணுங்க. நான் பஸ் நிலையத்துப் பக்கம் ஹோட்டல்லதான் இருப்பேன்."

அவர் இறங்கிப் போன சத்தம் தடியோடு சேர்ந்து டொக், டொக் என்று மறைந்தது.

"நாலு ஏக்கர் காப்பி இருந்தா எனக்கும் ஜூபாவில இருந்து அண்ணன் வருவாரா அஃபாண்டே?" என்றாள் லாமுனு, பையில் கையை விட்டபடி.

"முத்திரை இருக்கு."

"எங்க ஊர்ல கழுதைக்கும் முத்திரை குத்துவாங்க. சரி, எழுந்திருங்க. முட்டியைக் கேட்டுக்கிட்டு எழுந்திருங்க."

*

மசாகாவில் வக்கீல்கள் எல்லோரும் ஒரே கட்டடத்தில் குடியிருக்கிறார்கள். மூன்று மாடி. வாசலில் பெயர்ப்பலகைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மிதித்துக்கொண்டிருக்கும். நிலம், விவாகரத்து, விபத்து, கம்பெனி, கடன் என்று ஒவ்வொன்றிலும் உலகத்தின் எல்லாத் துன்பங்களும் பட்டியல் போட்டிருக்கும். கடைசி வரியில், பெயிண்டருக்கு இடம் மிஞ்சியதால், "கார்டியன்ஷிப்".

"பதினேழு பலகை. பதினேழுலயும் கார்டியன்ஷிப். இந்த ஊர்ல அநாதையை விட வக்கீல் ஜாஸ்தி போல" என்றாள் லாமுனு.

ஆகப் பெரிய பலகையிலிருந்து தொடங்கினார்கள். கவுன்சல் எவாரிஸ்டோ. தரைத்தளம். உள்ளே போனதும் ஒரு சோபா. அது தோல் சோபா என்பதை அதுவே சொல்லிக்கொண்டிருந்தது. சுவரில் கவுன்சல் விக் வைத்த புகைப்படம், அதற்குப் பக்கத்தில் கவுன்சல் விக் இல்லாத புகைப்படம், எதிரில் நேரடியாகக் கவுன்சல்.

அவர் தலை நிமிரவில்லை. இடப்பக்கக் காகிதக் கட்டிலிருந்து ஒன்றை எடுப்பார், முத்திரை குத்துவார், வலப்பக்கம் போடுவார். சத்தியப் பிரமாணங்களுக்கு முத்திரை வைக்கும் அதிகாரமும் அவருக்கு உண்டு. ஒவ்வொரு காகிதத்திலும் யாரோ ஒருவர் கடவுள் அறிய உண்மை சொல்லியிருந்தார். கவுன்சல் அறிந்ததாகத் தெரியவில்லை.

"கார்டியன்ஷிப் என்பது" என்று கவுன்சல் முத்திரையின் தாளத்துக்கு ஏற்பப் பேசினார், "மூன்று தூண்களின்மேல் நிற்கும் ஒரு மாளிகை. ஒன்று, பிள்ளையின் நலம். இரண்டு..."

"கவுன்சல், கீஸான்னு ஒரு காப்பிக்காரர் உங்ககிட்ட வந்தாரா?"

"...இரண்டு, இரத்த உறவு. மூன்று..." டப். "மூன்றாவது இப்போது நினைவில் இல்லை. என் கட்டுரையில் இருக்கிறது."

"பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வந்திருப்பாரு. எட்டு வயசுப் பொண்ணு."

முதல் முறையாக அவர் நிமிர்ந்தார். "பிள்ளையா? இங்கேயா? இங்கே பிள்ளைகளை விடுவதில்லை. வெளியே பிடித்துக்கொள்ளச் சொல்வோம். சோபா இருக்கிறது பாருங்கள்."

"நல்லாப் பாத்தோம்" என்றாள் லாமுனு. அவள் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து இடப்பக்கக் கட்டின்மேல் வைத்தாள். கவுன்சல் குனிந்தார். டப். வலப்பக்கம் போனது. அவள் அதை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"என்ன அது?" என்றார் முலிண்ட்வா.

"வீட்டுக்கு வாங்க வேண்டியது. சோப்பு, உப்பு, தீப்பெட்டி. இப்ப கடவுள் சாட்சியா வாங்கணும்."

மாடி ஏறினார்கள். இரண்டாவது வக்கீல் "ஃபீல்டில்" இருந்தார். ஃபீல்டு என்பது எதிர் மாடி மதுக்கடை. மூன்றாவது வக்கீலின் குமாஸ்தா, கார்டியன்ஷிப் கேஸ் எடுப்போம், ஆனால் பிள்ளைக்கு நிலம் இருந்தால் மட்டும் என்றான். நான்காவது அறையில் வக்கீலே இல்லை, பலகை மட்டும் தொழில் செய்துகொண்டிருந்தது. ஏழாவது அறைக்கு அப்பால் முலிண்ட்வாவின் முட்டி போராட்டத்தில் இறங்கியது. அவர் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"அவ்வளவுதானா அஃபாண்டே? இன்னும் பத்து பலகை இருக்கு."

உட்கார்ந்த இடத்திலிருந்து அவருடைய கண்ணுக்கு நேராகச் சுவர் தெரிந்தது.

"லாமுனு, இந்தச் சுவரைப் பாரு."

"பாத்தேன். பெயிண்ட் அடிச்சு வருஷம் ஆச்சு."

"உன் உயரத்துல பாக்காத. என் உயரத்துல பாரு."

அவள் குனிந்தாள். வெள்ளைச் சுவரில், ஒரு பெரிய ஆளின் இடுப்பு உயரத்தில், கைகளின் அழுக்கு ஒரு பட்டையாக ஓடிக்கொண்டிருந்தது. கீழ்ப் படியில் மங்கலாகத் தொடங்கி, மேலே போகப் போகக் கருத்துப்போய், வளைவில் திரும்பி இன்னும் மேலே போயிற்று.

"எவாரிஸ்டோ ஆபீஸ் சுவர் எப்படி இருந்தது?"

"பாலால கழுவின மாதிரி."

"பெரியவங்க யாரும் சுவரைத் தொட்டுக்கிட்டு நடக்க மாட்டாங்க. ஓடிப் பிடிச்சு விளையாடுற பிள்ளையும் தொடாது. பயந்துபோன பிள்ளைதான் சுவரைப் பிடிச்சுக்கிட்டே போகும்." அவர் கைப்பிடியைப் பற்றி எழுந்தார். "பதினேழு பலகையைப் படிச்சதுக்குப் பதிலா இதைப் படிச்சிருக்கலாம்."

லாமுனுவின் வாய் சும்மா இருந்த அபூர்வமான தருணம் அது. மூன்று படி கழித்து, "முட்டி வலியும் ஒரு துப்பறியும் கருவிதான்" என்று சொல்லி அதையும் சரிசெய்துவிட்டாள்.

அழுக்கு அவர்களை மூன்றாம் மாடிக்குக் கூட்டிப் போயிற்று. தையல்காரரைத் தாண்டி, முடி பின்னும் கடையைத் தாண்டி, நடைவழியின் கோடியில் ஒரு கதவு. பலகை இல்லை. பலகை மாட்ட வேண்டிய ஆணியில் ஒரு குடை தொங்கியது. வெளியே ஒரு பெஞ்சு நிறையப் பெண்கள். தரையில் பாய்கள். பாய்களில் பிள்ளைகள், உட்கார்ந்தும் தூங்கியும்.

முலிண்ட்வா போனை எடுத்து, "கிடைச்சாச்சு. வக்கீல் கட்டடம், மூணாவது மாடி, கடைசிக் கதவு" என்றார்.

"பத்து நிமிஷத்துல வர்றேன்" என்றார் ஸாலொங்கோ. வாயில் எதையோ மென்றுகொண்டே பேசினார்.

*

வக்கீலின் பெயர் பெட்ரனிலா. ஐம்பது வயது இருக்கும் பெண்மணி. மேஜைமேல் கறுப்புக் கவுனை மடித்து வைத்து, அதன்மேல் முழங்கையை ஊன்றியிருந்தார். நீதிக்கு அதைவிட நல்ல உபயோகம் அவருக்குத் தோன்றவில்லை போலும். தேநீர் ஆறி ஏடு கட்டியிருந்தது.

"பலகை ஏன் இல்லைன்னு கேக்காதீங்க. எல்லாரும் கேக்கறாங்க. பலகை வச்சா பணக்காரங்க வருவாங்க. அவங்க வந்தா இதுங்களை எங்கே உக்கார வைக்கறது?"

மூலையில் ஒரு சிறுமி தரையில் படுத்து, பழைய மனு ஒன்றின் பின்பக்கத்தில் படகு வரைந்துகொண்டிருந்தாள்.

"ரெஸ்டியா?" என்றார் முலிண்ட்வா.

சிறுமி நிமிரவில்லை. பென்சில் மட்டும் நின்றது.

அவர் தான் வந்த விஷயத்தைச் சொன்னார். அண்ணன், ஜூபா, வியாழக்கிழமை, முத்திரை. பெட்ரனிலா கண்ணை மூடிக் கேட்டார். தூங்கிவிட்டாரோ என்று லாமுனு எட்டிப் பார்த்தாள்.

"மனு போட்டிருக்கானா? எனக்கு ஒரு வார்த்தை வரல. கோர்ட்டுல இருந்து நோட்டீஸ் வரணும். வரும், ஈஸ்டருக்குள்ள வரும்" என்றார் பெட்ரனிலா. "கீஸா அண்ணனைப் பத்திச் சொன்னதே இல்ல. சொல்லாம விடறதும் சகஜம்தான். நிலத் தகராறு, பழைய கோபம். குடும்பம்னா பாதி ஆளுங்களை மறைச்சுத்தான் சொல்லுவாங்க. ஒரு தங்கச்சி இருக்கா, பிள்ளைக்கு அத்தை, கலங்காலா தீவுல மீன் காயவைக்கறான்னு எழுதி வச்சிருக்கான். அவதான் கார்டியனா இருக்கணும்னு அவன் ஆசை. மூணு தடவை படகுல செய்தி அனுப்பிட்டேன். படகு திரும்பி வருது. அவ வரல."

"வரலைன்னா?"

"வரலைன்னா இந்த மூலைதான். என் மூலையில ஏற்கெனவே ரெண்டு பேர் வளர்ந்து பெரியாளாயிட்டாங்க." அவர் முகத்தைத் துடைத்தார். "எனக்கு முடியல ஐயா. சொந்தப் பெரியப்பன் ஒருத்தன் தானா வந்து கேக்கறான்னா, வேண்டாம்னு சொல்ல நான் யாரு? ரெஸ்டி, பையை எடுத்து வை கண்ணு. உன் பெரியப்பா வர்றாராம்."

சிறுமி எழுந்தாள். ஒரு பள்ளிக்கூடப் பை. அதில் ஒரு கவுன், ஒரு செருப்பு, அப்பாவின் ரேடியோ. பென்சிலை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

"எனக்குப் பெரியப்பா இருக்காரா?"

"இருக்காராம்."

"அப்பா மாதிரி இருப்பாரா?"

லாமுனுவுக்கு அது தாங்காது. தாங்காதபோது அவள் யாருக்காவது எதையாவது தின்னக் கொடுப்பாள். பிளாஸ்டிக் பையை நீட்டினாள்.

"இந்தாடி, எடுத்துக்கோ. உங்க பெரியப்பா வாங்கிட்டு வந்ததுதான். சாமி சத்தியமா நல்லா இருக்கு."

ரெஸ்டி பைக்குள் எட்டிப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சினாள். பிறகு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"பிடிக்காதா?"

"வாசம் நல்லாருக்கு. நாங்க திங்கக் கூடாது."

"யாரு சொன்னா?"

"அப்பா. அதுங்க எங்க சொந்தக்காரங்க."

"அவங்க வெட்டுக்கிளிக் குலம்" என்றார் பெட்ரனிலா, கவுனை உதறியபடி. "குலச்சின்னத்தை யாராவது திம்பாங்களா? அப்பன் குலம்தானே பிள்ளைக்கும். கீஸா இந்த மாசம் முழுக்க மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் சந்தைக்குள்ள..."

அவர் நிறுத்தினார். முலிண்ட்வாவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். லாமுனு மெல்லுவதை விட்டுவிட்டு, கையிலிருந்த பையைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"அஃபாண்டே. காலையில முதல் கைப்பிடி யாரு எடுத்தா?"

முலிண்ட்வா மெதுவாக உட்கார்ந்தார். இந்த நாட்டில் புது ஆளைப் பார்த்தால் எவனும் கேட்கும் முதல் கேள்வி, எந்தக் குலம் என்பது. அது தெரியாமல் பெண் கொடுக்க மாட்டார்கள், பெண் எடுக்க மாட்டார்கள், சோறுகூட யோசித்துத்தான் வைப்பார்கள். கீஸா என்பது இரட்டைக்கு அடுத்துப் பிறந்தவனுக்கு வைக்கும் பெயர், எல்லாக் குலத்திலும் உண்டு. ஸாலொங்கோ என்பது பட்டம், அதிலும் குலம் தெரியாது. கேட்டிருக்க வேண்டும். அந்தக் கோட்டையும் தடியையும் பட்டத்தையும் பார்த்து, கேட்டால் மரியாதைக் குறைவு என்று விட்டுவிட்டார். இருபத்திரண்டு வருஷப் போலீஸ் உத்தியோகம்!

"நானே போன் பண்ணி வழி சொல்லிட்டேன்" என்றார்.

படிக்கட்டில் சத்தம் கேட்டது. டொக். டொக். டொக்.

*

"எங்கே என் தம்பி பெத்த தங்கம்?"

ஸாலொங்கோ வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். மூன்று மாடி ஏறியும் மூச்சு வாங்கவில்லை. கைக்குட்டை தயாராக இருந்தது.

"முதல்ல காகிதம்" என்றார் பெட்ரனிலா, கொட்டாவி விட்டபடி. "துக்கம் அப்புறம்."

ஸாலொங்கோ ஊர்த் தலைவரின் கடிதத்தை வைத்தார். அதன்மேல், இன்னும் மை காயாத ஒரு சத்தியப் பிரமாணத்தை வைத்தார். பெட்ரனிலா நிதானமாகப் படித்தார்.

"'இறந்தவரும் நானும் ஒரே தகப்பனுக்குப் பிறந்தவர்கள் என்று கடவுள் அறியச் சொல்கிறேன்.' கையெழுத்து உங்களுதுதானே?"

"என்னோடதுதான். கவுன்சல் எவாரிஸ்டோவே முத்திரை வச்சது."

"எங்க வீட்டு சோப்புக்கும் அவர்தான் வச்சார்" என்றாள் லாமுனு.

பெட்ரனிலா காகிதத்தை இழுப்பறையில் போட்டுப் பூட்டி, சாவியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். இப்போது முலிண்ட்வா எழுந்து, பிளாஸ்டிக் பையை மிகுந்த பணிவோடு நீட்டினார்.

"மூணு மாடி ஏறி வந்திருக்கீங்க. கொஞ்சம் சாப்பிடுங்க."

"வேணாம்னு சொல்ல முடியாத ஒரே சாமான் இது" என்று சிரித்தபடி ஸாலொங்கோ ஒரு கைப்பிடி அள்ளி வாயில் போட்டார். நொறுக், நொறுக். பெஞ்சிலிருந்த பெண்கள் கதவு வழியாக எட்டிப் பார்த்தார்கள்.

"அவர் திங்கிறார்" என்றாள் ரெஸ்டி, யாரிடமும் இல்லாமல்.

"உங்க குலம் என்னங்க, ஸாலொங்கோ?" என்றார் முலிண்ட்வா.

நொறுக் நின்றது.

"ஏன், தம்பி குலம்தான் எனக்கும்."

"அது எது?"

ஆள் முட்டாள் இல்லை. அவருடைய கண் பைக்குப் போயிற்று, பிள்ளையின் பின்னால் கட்டிய கைகளுக்குப் போயிற்று, பெண்களின் முகத்துக்குப் போயிற்று. இரண்டே விநாடி. விழுங்கினார்.

"வெட்டுக்கிளி. அதுக்கென்ன? நான் கர்த்தருக்குள்ள மறுபடி பிறந்தவன் ஐயா. ஆறு வருஷம் ஆச்சு ஞானஸ்நானம் எடுத்து. சின்னம், சடங்கு, சாமியாடி, அந்த அஞ்ஞானத்தையெல்லாம் அன்னிக்கே ஆத்துல விட்டாச்சு. ஸ்நானக யோவானே வெட்டுக்கிளி சாப்பிட்டவர்தானே!"

பெஞ்சில் ஒருத்தி "ஆமென்" என்றாள். இன்னொருத்தி தலையாட்டினாள். ஊரில் பாதிப் பேர் மறுபடி பிறந்தவர்கள்தான். பதில் பொருந்தியது. பெட்ரனிலாவின் கை சட்டைக்குள்ளிருந்த சாவியைத் தேடியது. ரெஸ்டி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். சொல்லிவிட்டார்கள் என்றால் போய்த்தான் ஆக வேண்டும் என்று ஐந்து வாரத்தில் கற்றிருந்தாள்.

"ஆறு வருஷமா? அல்லேலூயா" என்றார் முலிண்ட்வா. குரலில் ஒரு மதியத்தூக்கம் இருந்தது. "மிஸ்டர், ஒரே ஒரு சந்தேகம்."

"ஸாலொங்கோ!" என்று தடியைத் தட்டினார் அவர். "எத்தனை தடவை சொல்றது? மிஸ்டர் கிடையாது!"

"நாலாவது தடவை. காலையில மூணு சொன்னீங்க. லாமுனு, அந்த நோட்டை எடு. பட்டம் எப்படி வந்ததுன்னு ஐயா சொன்னாரே?"

லாமுனு பாடம் படிக்கிற மாதிரி நீட்டிப் படித்தாள். "'நாலு வருஷத்துக்கு முன்னால, சாமியாடி வந்து, மூணு நாள் முரசு அடிச்சு, ஊரே ஆடி, முறைப்படி சடங்கு.' இந்த 'திரு'வை அடிக்கச் சொன்ன இடத்துல காகிதம் கிழிஞ்சிருக்கு அஃபாண்டே. மத்தபடி எல்லாம் தெளிவு."

"ஆறு வருஷத்துக்கு முன்ன சாமியாடியை ஆத்துல விட்டீங்க" என்றார் முலிண்ட்வா. "நாலு வருஷத்துக்கு முன்ன அவர் நீந்தி வந்து உங்களுக்கு முரசு அடிச்சாரா?"

ஆமென் சொன்னவள் முதலில் சிரித்தாள். பிறகு பெஞ்சு முழுக்கச் சிரித்தது. கோட்டுக்குள்ளிருந்த மனிதர் சற்றுச் சின்னதாகிவிட்டார். கோட்டு மட்டும் அதே அளவில் நின்றது. அவர் வாயைத் திறந்தார். வக்கீல், வழக்கு, மானநஷ்டம் என்று ஏதோ சொல்ல நினைத்திருப்பார். ஆனால் அந்தக் கட்டடத்தில் அவருக்காகப் பொய்யை உண்மையாக்கிய ஒரே மனிதர் தரைத்தளத்தில் இருந்தார்.

"என் அஃபிடவிட்டைக் குடுங்க."

"அது இனிமே உங்களுது இல்ல. வியாழக்கிழமை நீதிபதி படிப்பார். அதுவரைக்கும் ஜூபாவுக்குப் போறதா இருந்தா போங்க. உண்மையாவே போங்க, இந்தத் தடவை" என்றார் பெட்ரனிலா.

டொக் டொக் டொக் டொக். இறங்கும்போது தடிக்கு அவசரம் வந்துவிட்டது.

பெட்ரனிலா ஆறிய தேநீரை ஒரே மடக்கில் குடித்தார். யாரும் வெற்றி பெற்றதுபோல் இல்லை. ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் ஒரு பெரியப்பா இருந்தார், இப்போது இல்லை, அவ்வளவுதான் நடந்திருந்தது.

ரெஸ்டி தோளிலிருந்து பையை இறக்கவில்லை. "அப்போ அத்தை?"

"அத்தை இருக்காங்கடா" என்றாள் லாமுனு.

"அவங்க ஏன் வரல?"

பெட்ரனிலா ஜன்னலைப் பார்த்தார். முலிண்ட்வா தன் முட்டியைப் பார்த்தார். முட்டி அவரைப் பார்த்து, வேண்டாம் என்றது.

"புகாகாட்டா துறையில மத்தியானப் படகு எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

"ரெண்டுக்கு. நாளைக்குச் சாயங்காலம் திரும்பிடலாம். வியாழன் காலையில கோர்ட்டுல அவ நின்னா போதும்" என்றார் பெட்ரனிலா. அதற்குமேல் நம்பிக்கை வைக்க அவருக்குத் தெம்பு இல்லை. "ஆனா இந்த வழக்குல உங்க கட்சிக்காரர் இறங்கிப் போயிட்டாரே. யார் சார்பா போறீங்க?"

முலிண்ட்வா சிறுமியைப் பார்த்தார். "புதுக் கட்சிக்காரர் இவங்க. என்னம்மா, சம்மதமா?"

ரெஸ்டி யோசித்தாள். பிறகு லாமுனுவிடம் வந்து, பிளாஸ்டிக் பையின் வாயை இரண்டு முடிச்சுப் போட்டு இறுக்கிக் கட்டி, அவள் கையில் வைத்து அழுத்தினாள்.

"அத்தையைப் பாத்ததும் பேரு கேக்காதீங்க. முதல்ல இதை நீட்டுங்க. வாங்கிக்கிட்டாங்கன்னா, கூட்டிட்டு வராதீங்க."

முலிண்ட்வா தன் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். போலீஸில் அதற்குச் சல்யூட் என்று பெயர்.

"அப்போ தீவு போய்ச் சேர்ற வரைக்கும் நான் இதைத் தொடக் கூடாதா?" என்றாள் லாமுனு பரிதாபமாக. "இன்னும் மொறுமொறுன்னு இருக்கும்மா!"

"கூடாது" என்றாள் ரெஸ்டி. "அது சாட்சி."